செண்பகனூரில் ஏழு நக விலங்கு

காலை ஐந்து நாற்பது. செண்பகனூரில் எங்கள் பள்ளி மைதானத்தின் கேட்டைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டவை மூன்று காட்டுமாடுகள். சுண்ணாம்புக் கோடு போட்ட நூறு மீட்டர் ஓடுதளத்தில், ஆளுக்கொரு பாதை என்று பிரித்துக்கொண்டு, படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் கேட்டைச் சாத்தினேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது. அறிவு அதைவிடக் குறைவு. அன்று பதினொரு மணிக்குத் திண்டுக்கல்லில் மாவட்ட ரிலே அணிக்கான தேர்வு. கையிலிருந்த பைக்குள், எங்கள் விளையாட்டு ஆசிரியை ஸ்டெல்லா மிஸ் ஒரு பழைய மாணவியிடம் கேட்டு முந்தின மாலைதான் வாங்கித் தந்திருந்த ஸ்பைக்ஸ் ஷூ. முன்பாதத்துக்கு அடியில் ஏழு ஆணிகள், குதிகாலில் ஒன்றுமில்லை. என் காலுக்கு ஒரு சைஸ் பெரிது என்பதால் நுனியில் செய்தித்தாளைத் திணித்திருந்தேன். (பத்திரிகைக்கும் எனக்கும் முதல் தொடர்பு அதுதான்.)

மிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "போட்டுப் பழகாம நேரா ட்ராக்ல எறங்காத. காலைல ஒரு தடவ ஓடிப் பாரு. தார்ல ஓடாத, கல்லுல ஓடாத."

மைதானம் போனது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், எங்கள் தெருவில், முந்தின மாலை போட்டு முடித்த புதுச் சிமெண்ட் சாலை. நாற்பது மீட்டர், நேராக, சமமாக. மலையில் அது பெரிய சொத்து. தாரும் இல்லை, கல்லும் இல்லை. குறுக்கே சிவப்புத் துணி தொங்கும் கயிறு கட்டியிருந்தார்கள். ஈரத்துணி காய நான்கு நாள் ஆகும் ஊரில் சிமெண்ட் மட்டும் ஒரே இரவில் காய்ந்திருக்கும் என்று முடிவு செய்து, ஸ்பைக்ஸை மாட்டிக்கொண்டு கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன்.

ஓடினேன். பனிமூட்டத்தில் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. தரை ஒவ்வோர் அடியிலும் என் காலை மெல்லப் பிடித்து, பிறகு விட்டது. இதற்குத்தான் ஸ்பைக்ஸ் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோனேன். வீட்டுக்கு வந்து, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கால் கழுவினேன்.

ஆறே காலுக்குச் சாலை போட்ட மேஸ்திரியின் குரல் கேட்டது. ஆறரைக்குள் தெரு முழுவதும் கூடிவிட்டது. நடுவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவர், அடுத்த தெருவில் குடியிருக்கும் வன வாட்சர். அளவு டேப்போடு வந்திருந்தார்.

"கிட்ட வராதீங்க, தடம் அழிஞ்சிரும். கரடின்னா அஞ்சு நகம். இதுக்கு ஏழு கெடக்கு. குதிகாலே இல்ல. தடத்துக்குத் தடம் ஆறடி."

"எங்க நாயி விடிய விடியக் கத்துச்சுங்க" என்றது ஒரு குரல்.

"உங்க நாயி காக்காயப் பாத்தாலும் கத்தும்."

வாட்சர் போனை எடுத்தார். "ஐயா, புதுசா ஒண்ணு எறங்கியிருக்கு. ரெண்டு கால்ல போகுது." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "புள்ளைங்கள வெளிய விடாதீங்க."

அம்மா என் தோளைப் பிடித்தார். கேரட் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்பதால் ஷூ அவருக்குச் சப்பாத்துதான்.

"இன்னைக்கு நீ எங்கயும் போறதில்ல. ஓட்டமும் வேணாம், சப்பாத்தும் வேணாம்."

"அம்மா, ஏழு மணிக்கு மிஸ் ஜீப்போட வந்துருவாங்க."

"வரட்டும், நான் சொல்லிக்கிறேன். ஆறடி பாயுதாம். அதுகிட்ட ஓடித் தப்பிப்பியா நீ?"

மணி ஆறு ஐம்பது. பேசாமலிருந்தால் மேஸ்திரியிடமிருந்து தப்பலாம்; தேர்வு போய்விடும். உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தேன்.

"அது நான்தான்" என்றேன்.

தெரு சிரித்தது. வாட்சர் சிரிக்கவில்லை. ஸ்பைக்ஸை வாங்கி ஒரு தடத்தின் மேல் வைத்தார். ஏழு ஆணியும் ஏழு குழியில் இறங்கின. பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். (தலைமை அலுவலகம் வரை சொல்லியாகிவிட்ட விலங்கை யார்தான் எளிதில் விட்டுக்கொடுப்பார்?)

"ஷூ சரி. கால் யாருது? நாலே முக்கால் அடி இருக்க. ஆறடி எப்படித் தாண்டுவ? யாரக் காப்பாத்துற?"

"ஓடிக் காட்டட்டும்ங்க" என்றார் மேஸ்திரி. "மேல்பூச்ச எப்படியும் செதுக்கிட்டு மறுபடி போடணும். இன்னும் நாலு மிதி மிதிச்சா என்ன கெட்டுச்சு."

எனவே பள்ளிச் சீருடையில், நாற்பது ஐம்பது பேர் இருபுறமும் நிற்க, அதே சாலையை அதே ஆணிகளால் இரண்டாவது முறை பாழாக்கினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாதி தூரத்தில் மேஸ்திரி தன் இழப்பை மறந்துவிட்டார். "ஏலே, வெரசா! வெரசா போ!" என்று அவர் கத்தியது தெருமுனையில் வந்து நின்ற ஜீப் வரை கேட்டிருக்கிறது. நான் போய் நின்றது ஸ்டெல்லா மிஸ்ஸின் முன்னால்.

பின்னால் வாட்சர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஐயா, ஆள் அனுப்ப வேணாம். அது பதினொண்ணாப்பு படிக்குது."

என் கையிலிருந்த பையை வாங்கி அம்மாவே ஜீப்பில் வைத்தார். வத்தலக்குண்டு வரை மிஸ் இடது ஸ்பைக்ஸிலும் நான் வலதிலுமாக, ஊக்கால் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே போனோம். மிஸ் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். "தார சொன்னேன், கல்ல சொன்னேன். சிமெண்ட விட்டுட்டேன்."

திண்டுக்கல்லில் நான்காவதாக வந்தேன். ரிலேவுக்கு நான்கு பேரை எடுத்தார்கள்.

இப்போது நான் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். மலையில் எங்காவது விலங்கின் கால்தடம் தென்பட்டதாக நான் செய்தி எழுதினால், அன்று காலை அம்மாவிடமிருந்து போன் வரும். "மொதல்ல அந்தத் தெருவுல எந்தப் புள்ளைக்குப் போட்டின்னு விசாரிச்சியா?"

மேஸ்திரி மறுபூச்சுக்கு வரவேயில்லை. இரண்டு வரிசைத் தடங்களும் சாலையில் அப்படியே இருக்கின்றன. போன மாதம் ஊருக்குப் போனபோது டேப் வைத்து அளந்தேன். முதல் வரிசையில் தடத்துக்குத் தடம் ஆறடி. இரண்டாவது வரிசையில் ஆறடி நான்கு அங்குலம்.