முத்திரை அழியாத பிரேக்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு பிரேக் ஒரு கலைப்பொருள் ஆயிற்று. அதுவரை மனித குலம் அதை வண்டியை நிறுத்துவதற்காகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

இந்த மாபெரும் முன்னேற்றம் நிகழ்ந்த இடம் ஒரு ஒர்க்‌ஷாப். தகரக் கூரை. எண்ணெய் குடித்துக் கறுத்த மேசை. அதன்மேல் அன்று மட்டும் வெள்ளைத் துணி. துணியின்மேல் நான்கு பிரேக் ஷூ. சுற்றி நின்றவர்கள் பழைய மோட்டார் சைக்கிள் அசல் பாதுகாப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழு. எதிரே கையைத் துடைத்தபடி நின்றவன் மெக்கானிக்.

குழுவில் மூவர். தலைவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. அவரிடம் மோட்டார் சைக்கிள் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆகவே நடுநிலை தவறாதவர். செயலாளர் பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். மூன்றாமவர் வண்டிக்குச் சொந்தக்காரர். மெக்கானிக்குக்கு அக்கா புருஷன். அவன் அவரை மாமா என்பான்.

மாமா ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பாதுகாப்பு அதிகாரி. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று வாசலில் பலகை வைத்தவர் அவர்தான். அவர் ஓய்வு பெற்ற அன்று பலகையில் நான்காயிரத்துப் பன்னிரண்டு என்று இருந்தது. நடுவில் ஒருவனுக்கு விரல் போயிற்று. அது டீ இடைவேளையில் போன விரல் என்று மாமா விசாரித்துச் சொன்னார். எண் நிற்காமல் ஏறியது. பலகையைக் காப்பாற்றுவதில் அவருக்கு இணை அவர்தான்.

வண்டிக்கு வயது எழுபத்திரண்டு. ஒரு மாதம் முன்பு அது ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது பிரேக் என்பது பேச்சளவில் இருந்தது. மெக்கானிக் இரண்டு சக்கரத்தையும் கழற்றினான். சக்கரத்துக்குள் இருக்கும் டிரம் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. லேத்தில் கொடுத்து வட்டமாக்கினான். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் ஷூவின் மேல்பட்டை, லைனிங், காகிதக் கனம்தான் மிச்சம். அதை உரித்தெடுத்தான். புது லைனிங்கை அளந்து வெட்டி, செம்பு ரிவெட் அடித்து, முனைகளைச் சரிவாக அராவினான். ஸ்பிரிங்கையும் கேபிளையும் மாற்றினான். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு லீவரைப் பிடித்தான். கன்னத்தில் அறைந்தது போல் நின்றது.

மாமா வந்து பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

“என்ன மச்சான் இப்படிப் பண்ணிட்ட?”

“நிக்குது மாமா.”

“நிக்கும், நிக்காம என்ன? அசல் லைனிங் எங்க?”

“குப்பையில.”

மாமா குப்பைத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார். அக்கா பிரசவத்துக்குப் போன அன்றுகூட அவர் அப்படிப் பதறியதில்லை.

விஷயம் இதுதான். சங்கத்தின் ஆண்டு ஊர்வலத்தில் வண்டிகளுக்கு மார்க் உண்டு. மொத்தம் நூறு. பெயிண்டின் நிறத்துக்கு இருபது. நிக்கல் பூச்சுக்கு இருபது. பிரேக்கின் அசல் தன்மைக்கு நாற்பது. அந்தக் காலத்து உடையில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வந்தால் பதினெட்டு. கடைசி வரியில் ‘நிற்றல்’ என்று ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு.

“ரெண்டு மார்க்குக்காக நாற்பதை விடச் சொல்றியா?” என்றார் மாமா.

“அக்கா பின்னாடி உட்காரப் போறாளே மாமா.”

“அதுக்குத்தான் பதினெட்டு.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மாமா தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் எழுதினார். கடைசியில் யாரோ ஒருவருடைய பரணிலிருந்து நான்கு பிரேக் ஷூ வந்து சேர்ந்தன. எண்ணெய்த் தாளில் சுற்றியபடி எழுபது வருடம் படுத்திருந்தவை. ஒரு முறைகூட எந்த வண்டியிலும் ஏறாதவை. லைனிங்கின் மேல் சிவப்பு மையில் கம்பெனியின் குருவி முத்திரை, இறகு எண்ணலாம் போல் தெளிவாக. வெள்ளைத் துணியின்மேல் வைக்கப்பட்டவை அவைதான்.

பல் டாக்டர் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தார்.

“அருமை. ஒரு சொத்தை இல்லை.”

பிறகு குனிந்து மோந்தார்.

“மோந்து பாக்காதீங்க டாக்டர். அந்தக் காலத்து லைனிங் தூசி நுரையீரலுக்கு ஆகாது,” என்றான் மெக்கானிக்.

“அந்தக் காலத்துத் தூசி!” என்று டாக்டர் கண்ணை மூடி இன்னொரு முறை இழுத்தார்.

மெக்கானிக் ஒரு ஷூவை எடுத்து நகத்தால் தட்டினான். கல்லைத் தட்டிய சத்தம் வந்தது.

“இது இறுகிப் போயிருக்கு. பாதிகூடப் பிடிக்காது. அதோட முத்திரை இருக்கிறது உராயுற பக்கம். ஒரே ஒரு தடவை பிரேக் பிடிச்சா போதும், குருவி பறந்துடும்.”

தகரக் கூரையில் ஒரு காக்கை நடந்தது.

“ஆகவே?” என்றார் தலைவர்.

“ஆகவே பிடிக்கக் கூடாது,” என்றார் மாமா.

இப்படிப்பட்ட தெளிவு ஒரு தலைமுறைக்கு ஒருவருக்குத்தான் வாய்க்கும். தலைவர் அதை உடனே உணர்ந்தார்.

“எழுதுங்க டாக்டர். ‘ஊர்வலத்தின்போது பிரேக்கைப் பிரயோகிப்பது சங்கத்தின் நோக்கங்களுக்கு முரணானது எனத் தீர்மானிக்கப்படுகிறது.’”

“சார், தண்ணித் தொட்டி மேட்டுலேர்ந்து மைதானம் வரைக்கும் சரிவு. எப்படி நிறுத்துவாரு?” என்றான் மெக்கானிக்.

“கியரைக் குறைச்சா வேகம் தானா குறையும்,” என்றார் டாக்டர்.

“குறையும். நிக்காது.”

“நடக்கிற வேகத்துக்கு வந்ததும் யாராவது இறங்கிச் சக்கரத்துக்கு அடியில ஒரு கட்டை வச்சாப் போச்சு.”

“யாரு?”

மூவரும் யோசித்தார்கள். அதிக நேரம் ஆகவில்லை.

“பின்னாடி சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போறா?” என்றார் மாமா.

அக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள். தையல்கடையிலிருந்து கணவருடைய ஊர்வலக் கோட்டை வாங்கி வந்திருந்தாள். அவள் வாசற்படியைத் தாண்டுவதற்குள் ‘துணை நிறுத்தப் பொறுப்பாளர்’ ஆக நியமிக்கப்பட்டுவிட்டாள். போட்டி இல்லை. தலைவர் எழுந்து நின்று வாழ்த்தினார். டாக்டர் ஒரு முக்கோண மரக்கட்டையை இரண்டு கையாலும் வழங்கினார்.

“நான் ‘ம்’னு சொல்லுவேன்,” என்று மாமா விளக்கினார். “சொன்னதும் இறங்கி முன் சக்கரத்துக்கு அடியில வச்சிடு. அவ்வளவுதான்.”

“ஓடுற வண்டியிலிருந்தா?”

“ஓடாதும்மா. நடக்கும்.”

அக்கா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதை எந்தக் கையில பிடிக்கணும்? ஒரு கையால புடவையைப் பிடிக்கணும். இன்னொரு கையால உங்களைப் பிடிக்கணும்.”

“அது பொறுப்பாளரோட விருப்பம்,” என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

மெக்கானிக் அக்காவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டான்.

“அக்கா, நாளைக்குப் போகாத. தலைவலின்னு சொல்லிடு.”

“சொல்லலாம்டா. அப்புறம் ஒரு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தலைவலிக்கு யாரு மருந்து தர்றது?” அவள் சிரித்தாள். “நீதானே பிரேக் வேலை பார்த்திருக்க? அப்புறம் எனக்கென்ன பயம்?”

அவன் குழாயைத் திறந்து கையைக் கழுவினான். அவனுக்குத் தாய் முகம் நினைவில்லை. தூக்கி வளர்த்தவள் அக்காதான். அவள் அவனை நம்பியே பழகிவிட்டாள். அது அவளுடைய பலவீனம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் நான்கு முத்திரைகளையும் இன்னொரு முறை எண்ணினார். நான்குதான் இருந்தன. நாளைக்கு ஊர்வலம் முடிந்ததும் நடுவர் முன்னால்தான் சக்கரம் திறக்கப்படும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று தலைவர் உத்தரவிட்டார். ஷூவை மாட்டிச் சக்கரத்தை மூடும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு மூவரும் சாப்பிடப் போனார்கள். நிர்வாகத்தில் இதற்குப் ‘பொறுப்பைப் பகிர்ந்தளித்தல்’ என்று பெயர்.

மெக்கானிக் வாசல் வரை வந்து அவர்கள் தெருவைத் தாண்டும்வரை பார்த்தான். பிறகு குருவி ஷூ நான்கையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் வைத்தான். தான் செய்த ஷூக்களை எடுத்து மாட்டினான். கேபிளை இழுத்துச் சரிபார்த்தான். சக்கரத்தைச் சுற்றி லீவரைப் பிடித்தான். நின்றது. மூடினான்.

யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் சொன்னால் கழற்றச் சொல்வார். அக்காவிடம் சொன்னால் அவள் வாயில் நிற்காது. சொல்ல வேண்டிய அவசியமும் அவனுக்குத் தெரியவில்லை. தீர்மானம் தலைக்குத்தான். கைக்குத் தீர்மானம் தெரியாது. சரிவில் வண்டி வேகம் பிடித்தால் எந்த மனிதனின் கையும் தானாகப் பிரேக்கைப் பிடிக்கும். பிடித்தால் நிற்கும். மார்க் போனால் போகட்டும், மாமா திட்டினால் திட்டட்டும்.

பதினைந்து வருடத் தொழிலில் அவன் போட்ட முதல் தப்புக் கணக்கு அது.

திரும்பி வந்த தலைவர் ஒரு சான்றிதழை நீட்டினார். ‘இவ்வண்டியின் பிரேக் குறைவின்றி இயங்கும்’ என்று அச்சடித்திருந்தது. மெக்கானிக் தயங்காமல் கையெழுத்துப் போட்டான். அந்தத் தாளில் இருந்த ஒரே உண்மை அதுதான். யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தின் வாசலில் வெள்ளைக் கோடு. அதற்குப் பத்தடி தள்ளி நடுவர் மேசை. மேசையில் மார்க் தாள்கள், கேடயங்கள், தண்ணீர்ப் பாட்டில். மெக்கானிக் மேசைக்கு அருகில் நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமாவின் வண்டி ஏழாவதாக வந்தது. நிக்கல் வெயிலில் கண்ணைப் பறித்தது. மாமா கோட்டும் தொப்பியும் அணிந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் அக்கா, மடியில் கட்டையுடன். கூட்டம் கை தட்டியது. பாதிச் சரிவில் மாமா கியரைக் குறைத்தார். கியரும் அசல். எழுபத்திரண்டு வயது. நழுவியது.

இன்ஜினின் பிடி விட்டதும் வண்டி உருளத் தொடங்கியது.

“பிடிங்க மாமா!” என்று கத்தினான் மெக்கானிக். “பிரேக்கைப் பிடிங்க!”

அக்காவும் கத்தினாள். கட்டையை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அவள் எறிந்த கட்டை வண்டியை முந்திக்கொண்டு உருண்டு கோட்டைத் தாண்டியது. துணை நிறுத்த ஏற்பாடு மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

மெக்கானிக் மாமாவின் வலது கையைத்தான் பார்த்தான். நான்கு விரல்களும் லீவரை விட்டு விலகி, விறைத்து, நீட்டிக்கொண்டிருந்தன. தப்பித் தவறியும் பட்டுவிடக் கூடாது. பிரேக் மிதியிலிருந்து காலையும் தூக்கியிருந்தார். உயிர் போகிற வேகத்திலும் ஒரு மனிதன் கொள்கையைக் கைவிடாமல் வருவதை அன்று நானூறு பேர் நேரில் பார்த்தார்கள்.

“ம்!” என்றார் மாமா. “ம்! ம்!”

வண்டி கோட்டைத் தாண்டியது. மேசையில் மோதியது. மார்க் தாள்கள் பறந்தன. மாமா மேசைக்குப் பின்னால் கட்டியிருந்த துணிப் பந்தலில் விழுந்து எழுந்தார். தொப்பிகூடக் கசங்கவில்லை. வண்டி அக்காவின் காலின்மேல் சாய்ந்தது.

மெக்கானிக் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினான். யாரோ கார் கொண்டுவந்தார்கள். அவனும் மாமாவும் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தலைவரும் டாக்டரும் உடனே வரவில்லை. அவர்களுக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது. முத்திரை பிழைத்ததா என்று பார்க்க வேண்டும்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தார்கள். அக்காவின் கால் இரண்டு இடத்தில் முறிந்து, மாவுக்கட்டுடன் கட்டிலில் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. மாமா பக்கத்தில் ஸ்டூலில். மெக்கானிக் ஜன்னலோரம். கூட்டம் நடத்தத் தேவையான மூவரும் இருந்ததால் தலைவர் அங்கேயே கூட்டத்தைத் தொடங்கினார்.

“முதல்ல ஒரு நல்ல செய்தி. நடந்தது கோட்டுக்கு அந்தப் பக்கம். ஊர்வலம் கோட்டோட முடிஞ்சுது. ஆகவே ஊர்வலத்துல விபத்து எதுவும் இல்லை.”

மாமா தலையை ஆட்டினார். பழைய பலகை அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

“அடுத்தது வருத்தமான செய்தி.”

டாக்டர் கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு பிரேக் ஷூ. புது லைனிங். குருவி இல்லை.

“நாலும் இப்படித்தான்,” என்றார் டாக்டர். அவர் குரல் தழுதழுத்தது. “சங்கத்தோட சரித்திரத்துல இப்படி ஒரு துரோகம் நடந்ததில்லை.”

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

“நான்தான் மாத்தினேன். குருவி பத்திரமா டப்பாவுல இருக்கு,” என்றான். “அக்கா விழக் கூடாதுன்னு மாத்தினேன்.”

“விழுந்துட்டாங்களே?” என்றார் தலைவர். தணிக்கை அதிகாரியிடம் தப்ப முடியுமா?

“மாமா பிடிக்கலையே சார்!”

“தீர்மானத்தை மதிச்சவரைக் குத்தம் சொல்றீங்களா? பிடிக்கிற பிரேக்னு அவருக்கு நீங்க தெரிவிச்சீங்களா? எழுத்து மூலமா?”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே அது குற்றம் போல்தான் பட்டது. சொல்லியிருக்கலாம். கடைசி நொடியில் கத்தியபோதாவது ‘புதுசு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக் கத்தியிருக்கலாம்.

மாமா மெல்ல எழுந்தார். கோபம் இல்லை. வஞ்சிக்கப்பட்டவனின் வருத்தம் மட்டும்தான். மனைவியின் மாவுக்கட்டின்மேல் கையை வைத்தார்.

“பாத்தியா உன் தம்பியை? கையில நல்ல பிரேக்கைக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டான். உள்ளே இருக்கிறது புதுசுன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் பிடிச்சிருக்க மாட்டேனா?”

அக்கா கட்டிலில் இருந்தபடி கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பின்னாடி உட்கார்ந்திருந்தது நான்னு தெரியும்ல?”