கடற்பாசி சூப்பும் செவிசாய்ப்புச் செம்மலும்

கேட்பதற்குக் காது வேண்டும் என்பது விவரமறியாதவர்களின் நம்பிக்கை. அரசாங்க உத்தியோகத்தில் முப்பது ஆண்டு குப்பை கொட்டிய எவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்பதற்கு வேண்டியது கழுத்து. அது முன்னும் பின்னும் தடையில்லாமல் ஆட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாபெரும் உண்மையைத் தம் வாழ்க்கையாலேயே நிரூபித்தவர் ஹாம் யோங்தே. தேகு நகரத்து வட்ட அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டாக மக்கள் குறைகேட்புப் பிரிவின் தலைவர். அவருடைய இடக்காது எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. வலக்காது, முடிக்குள் ஒளித்துவைத்த கருவியின் தயவில், 'ஒப்பந்த அடிப்படையில்' எப்போதாவது வேலைக்கு வந்தது. இது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இயக்குநரின் தோள் குலுங்கினால் ஹாம் சிரிப்பார். புருவம் சுருங்கினால் குறிப்பேட்டைத் திறப்பார். மனுதாரர்கள் சாக்கடையையும் பக்கத்து வீட்டு நாயையும் பற்றி மணிக்கணக்காகப் பொரிந்து தள்ளுவார்கள். ஹாம் தலையாட்டுவார்.

"சார், கூரை ஒழுகுது. ஃபைலையெல்லாம் மாடிக்குக் கொண்டுபோகவா, கீழ இறக்கவா?" என்று ஒருநாள் உதவியாளர் கேட்டார்.

"அருமை! அப்படியே செய்யுங்க."

பாதி ஃபைல் மேலே போனது, பாதி கீழே வந்தது. நிர்வாகம் தடையின்றி நடந்தது. 'மனுதாரர் பேசி முடிக்கும்வரை ஒருமுறைகூடக் குறுக்கிடாதவர்' என்று அவருக்கு இரண்டு தடவை 'செவிசாய்ப்புச் செம்மல்' விருது கொடுத்தார்கள்.

அப்படிப்பட்டவருக்குக் காதுக்குள் மின்கருவி பொருத்தலாமா என்று சோதிக்க, பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டாள் மனைவி பாங் மிசுக். ஆஸ்பத்திரியிலிருந்து எட்டுப் பக்கக் குறிப்பு வந்தது. தலையை ஸ்கேன் எடுப்பார்கள். காதில் வெதுவெதுப்பான நீர் விட்டுத் தலை சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். கருவியோடு வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் தேர்வு உண்டு. குடும்பத்தில் ஒருவர் கூட வர வேண்டும். 'தேர்வு' என்ற சொல்லைக் கண்டதும் ஹாம் குறிப்பை மூடிவிட்டார். மீதியைப் படிக்க என்ன இருக்கிறது? தேர்வு என்றால் முதல் மதிப்பெண். பிறந்த நாட்டில் அவருக்கு வேறெதுவும் சொல்லித்தரப்படவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து படித்தார். மகள் சோஜொங் நுழைவுத் தேர்வுக்குப் பயன்படுத்திய மேஜையில், நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு, "மழை பெய்வதால் குடை எடுத்துச் செல்லுங்கள்" போன்ற அறுநூறு வாக்கியங்களை மனப்பாடம் செய்தார்.

தேர்வு நாள் காலையில் மிசுக் அவர் முன்னால் கடற்பாசி சூப்பை வைத்தாள். ஹாம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னடி இது! பரீட்சை அன்னைக்கு யாராவது கடற்பாசி குடிப்பாங்களா? வழவழன்னு படிச்சதெல்லாம் வழுக்கிட்டுப் போயிடும். ஒட்டுற மிட்டாய் எங்க? அதைத் தின்னாத்தான் பாஸ் ஒட்டும்!"

மிசுக் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அதுக்குத்தான் வச்சேன், சோஜொங் அப்பா. பாதிக்குக் கீழ வாங்கினாத்தான் காது வைப்பாங்க. இன்னைக்கு ஒருநாள் ஃபெயிலாகித் தொலைங்க."

அவள் முதுகைப் பார்த்து ஹாம் அன்போடு தலையாட்டினார். பிறகு தாமே மிட்டாயைத் தேடி எடுத்து, இரண்டு துண்டு தின்றார்.

ஒலி புகாத அறைக்குள் அவரை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்கு அப்பால் செவித்திறன் நிபுணரான இளம்பெண், வாயை முகமூடியால் மறைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஹாமின் காதில் ஏதோ சட்டியைச் சுரண்டியது. அறுநூறு வாக்கியங்களில் எதையும் அது ஒத்திருக்கவில்லை. அவருக்கு வியர்த்தது. அப்போதுதான் அவள் பின்னாலிருந்த அலமாரிக் கண்ணாடியில் கணினித் திரையில் ஓடும் வாக்கியம் இடவலம் மாறித் தெரிவதைக் கவனித்தார். இயக்குநரின் மேஜையிலிருக்கும் ரகசிய ஃபைலை எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்துப் பழகிய கண்களுக்கு அது ஒரு பொருட்டா?

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

"ஆச்சரியமா இருக்கு சார்," என்று நிபுணர் மதிப்பெண் தாளை நீட்டினாள். "உங்களுக்கு ஆபரேஷனே தேவையில்ல."

"சும்மா கொஞ்சம் படிச்சேன்," என்றார் ஹாம் அடக்கமாக. மிசுக் மதிப்பெண் தாளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசியாக மருத்துவரின் அறை. மேஜைமேல் ஒரு பலகைக் கணினி நின்றது. யார் பேசினாலும் பேச்சு அதில் எழுத்தாக ஓடும்.

"வீட்ல இவர் கேட்கிறது எப்படிம்மா?" என்றார் மருத்துவர்.

ஹாம் திரையைப் படித்தார். மனைவியின் பேச்சு முழுசாக, ஒரு சொல் விடாமல், பல வருடங்களுக்குப் பிறகு அவர் முன்னால் ஓடியது.

'மூணு வருஷம் முன்னாடி சாப்பிடும்போது சொன்னேன் டாக்டர். மார்புல கட்டி இருக்கு, வியாழக்கிழமை ஆபரேஷன், பயமா இருக்கு, கூட வருவீங்களான்னு. இவர் சிரிச்சுத் தலையாட்டிட்டு, அருமை, அப்படியே செய்னு சொன்னார். நான் என் தங்கச்சியோட போனேன். நல்லவேளை, சாதாரணக் கட்டி. இந்த மனுஷனுக்கு மனசே இல்லன்னு மூணு மாசம் நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இல்லாதது காதுன்னு.'

ஹாமின் தலை பழக்கதோஷத்தில் ஒருமுறை ஆடியது. இரண்டாவது முறை ஆடவில்லை. அந்த வியாழக்கிழமை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மனைவி தங்கை வீட்டுக்கு விருந்தாடப் போயிருக்கிறாள் என்று நிம்மதியாக நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்ட நாள். அவமானத்தில் அவர் காதுமடல் சிவந்தது.

"டாக்டர்," என்றார் ஹாம். "நான் காப்பியடிச்சேன்."

"என்னது?"

"அலமாரிக் கண்ணாடியில பாத்துப் படிச்சேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆபீஸ்லயும் கேக்கல. பதினோரு வருஷமா கேக்கல."

அலமாரிமேல் துணி போர்த்தி, மறுதேர்வு வைத்தார்கள். நூற்றுக்கு ஏழு. அறுவைச் சிகிச்சைக்கு முழுத் தகுதி. ஆயுளில் அவர் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண்ணும், யாரையும் ஏமாற்றாமல் வாங்கிய முதல் மதிப்பெண்ணும் அதுதான்.

வீடு திரும்பியதும் மிசுக் காலையில் மிஞ்சிய கடற்பாசி சூப்பைச் சூடாக்கினாள். அடுப்பைப் பார்த்தபடியே ஏதோ சொன்னாள். ஹாமின் கழுத்து தயாராகத்தான் இருந்தது. அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். அவள் தோளைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பினார்.

"எனக்குக் கேக்கல. மறுபடி சொல்லு. வியாழக்கிழமையிலேர்ந்து சொல்லு."

மிசுக் சொன்னாள். சூப்பு ஆறி, ஆடை படியும்வரை சொன்னாள். அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், புரியாத இடத்திலெல்லாம் அவர் வெட்கமில்லாமல் குறுக்கிட்டார்.

பதினோரு ஆண்டுப் பணி, இரண்டு விருது. குறைகேட்புப் பிரிவின் தலைவர் ஹாம் யோங்தே கேட்ட முதல் குறை அது, அதுவும் அவர்மேலேயே.