இன்ஜினியரின் ஐந்தாவது ஓட்டு

மனுஷனுக்குப் பதவி கிடைக்கலாம். சம்பளமில்லாத பதவி மட்டும் கிடைக்கவே கூடாது. சம்பளத்துக்கு உழைப்பவன் சாயங்காலமானால் வேலையை மறந்துவிடுவான். கௌரவத்துக்கு உழைப்பவன் தூக்கத்திலும் மறக்கமாட்டான். நம்ம இன்ஜினியர் கல்லூரி ஆட்சிக்குழுவில் உறுப்பினரான நாளிலிருந்து அந்த வீடு பட்ட பாடு அப்படி.

அந்தக் கல்லூரியில், வெளியே தொழில் பார்க்கிறவர்களை அழைத்து, "உங்க திறமையை எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்க" என்று குழுவில் உட்கார வைப்பார்கள். ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர், ஒரு ஆடிட்டர். கட்டட விஷயத்துக்கு நம்மவர். முதல் கூட்டம் முடிந்து வந்தபோதே அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டாள் மனைவி.

"சம்பளமெல்லாம் இல்ல. கௌரவப் பதவி."

"அப்ப நான் இந்த வீட்டுல பார்க்கறதும் அதே பதவிதானா?"

இன்ஜினியர் காது கேட்காத மாதிரி சட்டையைக் கழற்றினார்.

போனவர் சும்மா இருந்திருக்கலாம். கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பெரிய அரங்கம் கட்டலாம் என்று யோசனை சொன்னார். வரைபடம் இலவசம். வாசலில் ஒரு பளிங்குக் கல், அதில் தன் பேர், அது போதும். பின்பக்கக் கட்டடத்தில்தான் மாலைக் கல்லூரி நடக்கிறது. வேறு இடம் கிடையாது. இடித்தால் அதை இழுத்து மூட வேண்டியதுதான். குழுவில் ஒன்பது பேர். நாலு பேர் கூடாது என்றார்கள். நாலு பேர் இவருக்குத் தலையாட்டினார்கள். ஐந்தாவது ஓட்டு இவருடையது. சனிக்கிழமை வாக்கெடுப்பு.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு அங்கதானே படிக்குது?" என்றாள் மனைவி. "பகலெல்லாம் மருந்துக்கடையில நின்னுட்டு, கால் வலியோட போகுது. இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. எங்க போகும் அது?"

"பகல்ல படிக்கட்டும்."

"பகல்ல அது கடையில நின்னாதாங்க அவங்க வீட்டுல அடுப்பு எரியும். அது இருக்கட்டும், என்னை அங்க சேர்க்கறதா சொன்னீங்களே? வருஷா வருஷம் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'னீங்க. மூடிட்டா எந்த அடுத்த வருஷம்?"

"இதெல்லாம் நிர்வாகம். உனக்குப் புரியாது."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கல்யாணத்தோடு விட்ட படிப்பு அது. ஒவ்வொரு வருஷமும் கேட்டுக் கேட்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டு வந்தவள். அழுகை வந்தது. அழாமல் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, புரியற மாதிரி சொல்லுங்க. கூட்டம் எப்படி நடக்கும்?"

இவருக்கு வாயெல்லாம் பல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. ஆதியோடந்தமாகச் சொன்னார். "ரொம்பக் கறார். ஒரு விஷயத்துல நம்ம வீட்டு ஆளுக்குச் சம்பந்தம் இருந்தா, எழுந்து வெளிய போயிடணும். பேசக் கூடாது. ஓட்டும் கிடையாது."

"வீட்டு ஆள்னா, பெண்டாட்டியும் சேர்த்தியா?"

"பின்ன? முதல்ல அவதான்."

"ரெண்டு பக்கமும் சமமா வந்தா?"

"இருக்கறது இருக்கறபடியே இருக்கும்."

"எவ்வளவு நியாயமான இடங்க அது" என்றாள் அவள்.

சனிக்கிழமை கூட்ட அறையில் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. வக்கீல் பேனாவை மூடி மூடித் திறந்தார். இன்ஜினியருக்கு உள்ளங்கை வியர்த்து, சுருட்டி வைத்திருந்த வரைபடம் நமுத்துப்போயிருந்தது. ஒரு ஓட்டு தன் பக்கத்திலிருந்து நழுவினாலும் பளிங்குக் கல் போச்சு. எதிரணி நாலு பேரையும் மாறி மாறி முறைத்தார்.

தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. தொண்டையைச் செருமினார். "மாலைக் கல்லூரி விஷயம். யாருக்காவது வீட்டுச் சம்பந்தம் உண்டா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று முந்திக்கொண்டார் இன்ஜினியர்.

கல்லூரி முதல்வர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிக்கணும் சார். உங்க வீட்டம்மா நேத்து சேர்ந்துட்டாங்களே. முதலாம் ஆண்டு."

"யாரு, எங்க வீட்டுலயா? வேற யாராவது இருக்கும்."

"நானேதான் சேர்த்தேன். நிர்வாகவியல் எடுத்திருக்காங்க."

இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. பல் டாக்டர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"விதி உங்களுக்குத் தெரியும்" என்றார் தலைவர்.

வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்ச். அதன் ஒரு முனையில், தோளில் புதுப் பையோடு அவர் மனைவி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"சொன்னா அடுத்த வருஷம்னு சொல்லியிருப்பீங்க."

"என் மானம் போச்சு உள்ள."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. மூடிட்டாங்கன்னா நான் ஒரு நாள் மாணவிதான்."

அவர் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. இருவரும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது.

"மாலைக் கல்லூரி தொடரும்" என்றார் தலைவர். "எட்டுப் பேரும் ஒரே முடிவு."

"எட்டுப் பேருமா? நாலு பேர் என் பக்கம் இருந்தாங்களே சார்?"

"நீங்க உள்ள இருந்தவரைக்கும் இருந்தாங்க. தலையாட்டினா நீங்க சீக்கிரம் பேச்சை முடிப்பீங்கன்னு நினைச்சாங்களாம்."

தலைவர் உள்ளே போய்விட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இவருக்குப் பிடிபடவில்லை.

"எத்தனை வருஷப் படிப்பு?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"மூணு. உங்க பதவி எத்தனை வருஷம்?"

"அதுவும் மூணு."

அப்படியானால் மாலைக் கல்லூரி பேச்சு வரும்போதெல்லாம், மூன்று வருஷமும், இந்த பெஞ்ச்தான் தனக்குக் கதி என்று இன்ஜினியருக்கு உறைத்தது. சரி, உட்காரவாவது இடம் இருக்கிறதே என்று சாய்ந்துகொண்டார்.

"எழுந்திருங்க" என்றாள் மனைவி. "இந்த வருஷம் ஆள் அதிகமாம், வகுப்புல பெஞ்ச் பத்தலையாம். அந்த முனையைப் பிடிங்க, தூக்கிட்டுப் போவோம்."