பெட்டியில் ஒரு தாள் போட்டுக்கலாமா?

"ஐயா, என்னை ஒல்லின்னு கூப்பிடுவாங்க. இருபத்திரண்டு வயசு. முக்குல பலகை எழுதித் தர்ற போர்டு கடையில வேலை. உங்க தபால் பெட்டியில ஒரு விளம்பரத் தாள் போட்டுக்கலாமா?"

கதவைத் திறந்தவர் முகத்தில் பாதி சவர நுரை. "இதுக்கா பெல் அடிச்சே?"

"உங்க பெட்டியாச்சே ஐயா."

அவர் நுரையோடு சிரித்துவிட்டார். "போட்டுட்டுப் போ."

திங்கட்கிழமை ஒல்லி இப்படி இல்லை. முதலாளி சொன்னபடி கேட்டைத் தள்ளினான், தாளைச் செருகினான், அடுத்த வீட்டுக்கு ஓடினான். வேறு பாஷை பேசும் ஊரிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு மாதத்தில் இந்த ஊர்ப் பேச்சு தட்டுத்தடுமாறி நாக்கில் ஏறிவிட்டது. எழுத்துதான் இன்னும் கோழி கிளறின மாதிரி தெரிந்தது. முதலாளியிடம் சொல்லக் கூச்சம். போர்டு கடைத் தாளில் போர்டைப் பற்றித்தானே இருக்கும்!

கடைசி வீட்டில் மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "ஏய், யாரைக் கேட்டு உள்ளே வந்தே?"

அன்றைக்கு வீட்டுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னான். அம்மா அவன் பக்கம் பேசவில்லை.

"அந்தப் பொண்ணு கேட்டது நியாயம்தானேடா? நம்ம கேட்டை எவனாவது தொறந்து எதையாவது போட்டுட்டுப் போனா நீ சும்மா விடுவியா? கேட்டுட்டுப் போடு."

மறுநாளிலிருந்து கேட்டான். புதன்கிழமை முதலாளி கூப்பிட்டார்.

"முதல் நாள் மூணு ஆர்டர். அப்புறம் ஈ காக்கா இல்ல. தாளைக் குப்பையில கொட்டறியா?"

"ஐயோ அண்ணே! ஒவ்வொரு வீட்டுலயும் மரியாதையாக் கேட்டுத்தான் போடறேன்."

"அப்புறம் ஏன்டா ஒண்ணும் வரல? சனிக்கிழமைக்குள்ள ஒரு ஆர்டராவது வேணும் தம்பி. இல்லேன்னா உன்னை வெச்சுக்க முடியாது. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

வேலை போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மரியாதை போதவில்லை போலிருக்கிறது என்று ஒல்லி முடிவுகட்டினான். கிரீச்சிட்ட கேட்டுக்கு எண்ணெய் விட்டான். கொடியிலிருந்து பறந்த துணியைத் துரத்திப் பிடித்து, மடித்துக் கொடுத்தான். சவர நுரைக்காரரின் பெட்டிக்குத் திருகாணி முடுக்கினான். தெருவே அவனைப் பார்த்துக் கையசைத்தது. ஆர்டர் மட்டும் மருந்துக்கும் இல்லை.

சனிக்கிழமை, கடைசி வீடு. கத்தின அதே பெண்தான் கதவைத் திறந்தாள்.

"வா தம்பி. ஏன் மூஞ்சி தொங்கிப்போச்சு?"

"நாளையிலேருந்து வர மாட்டேன்க்கா. ஒருத்தர்கூட ஆர்டர் குடுக்கல, வேலை போயிடும். தாள்ல ஏதாவது தப்பா இருக்கா?"

"நீ படிச்சதில்லையா?"

"எழுத்து இன்னும் பிடிபடலக்கா."

அவளுடைய மகள், பள்ளிப் பை தோளில் தொங்க, தாளைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"'கேட்காமல் உள்ளே புகுந்து பெட்டியில் தாள் திணிக்கிறார்களா? கவலை வேண்டாம். தாள் போடாதீர் என்ற பலகை எங்களிடம் வாங்கி மாட்டுங்கள்!'"

ஒல்லிக்குக் காது நுனிவரை சுட்டது. திங்கட்கிழமை மட்டும் மூன்று ஆர்டர் ஏன் வந்தது என்று இப்போது புரிந்தது. அம்மாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"அண்ணா, இந்தப் பலகை எங்களுக்கு வேணாம். 'பெல் அடிங்க, வீட்டுல இருக்கோம்'னு ஒண்ணு உங்க முதலாளிகிட்ட எழுதித் தரச் சொல்லுங்க."