என் மேல பட்டுச்சு

‘என் மேல பட்டுச்சு’க்காரன் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு, எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் அது நன்றாகக் கொழுத்து வளர்வதற்குத் தோதான இடம் இங்கிலாந்துக் கால்பந்தின் அடிமட்டப் பிரிவுதான். மேலே, பெரிய சங்கங்களில், ஒவ்வொரு கோலையும் இருபது கேமரா பார்க்கிறது. அங்கே இவன் ஒரு வாரம் தாங்கமாட்டான். எங்கள் தார்ன்வெல் டவுன் மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு கேமரா. அதை வைத்திருந்த பத்திரிகைக்காரர் பாதி நேரம் தேநீர் வரிசையில் நின்றார். பிறகு ஏன் வளரமாட்டான்?

நான் அந்தச் சங்கத்தில் இருபத்தாறு வருடமாகச் சட்டை துவைக்கிறவன். இந்த இனத்தில் பல பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் க்ளைவ் ஹெப்வொர்த்தைப் போல ஒருவனைப் பார்த்ததில்லை. முன்வரிசை ஆட்டக்காரன், ஒன்பதாம் எண், ஆறு அடி ஒரு அங்குலம், பதினான்கு வருடத்தில் ஆறு சங்கம். ஆறாவது எங்களுடையது. எல்லாமே நீங்கள் பெயர் கேள்விப்படாத சங்கங்கள். கேள்விப்படாதது உங்கள் தப்பில்லை.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். கோல் விழுந்ததும் கோல் போட்டவனைப் பார்க்காதீர்கள். அவனுக்கு முன்னால், இரண்டு கையையும் விமானம் மாதிரி விரித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, கூட்டத்தை நோக்கி ஒருவன் ஓடுவான் பாருங்கள், அவன்தான். கோல் போட்ட அப்பாவி பின்னாலேயே ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடிக்கவேண்டியிருக்கும். கட்டிப்பிடிக்கும்போது அவன் காதில் ஒரு வார்த்தை விழும்: “கடைசியா என் மேலதான்டா பட்டுச்சு.”

எங்கே பட்டது? அது அன்றைக்கு இருக்கிற வசதியைப் பொறுத்தது. ஆரம்ப காலத்தில் க்ளைவுக்குத் தலைமுடியில்தான் படும். காற்று மாதிரி தடவிக்கொண்டு போகும், அவனுக்கு மட்டும்தான் தெரியும். முப்பது வயதில் முடி கொட்டிப்போனதும் காதுக்கு மாறினான். அதற்குப் பிறகு முழங்கால், பூட்ஸின் பின்பக்கம், ஒரு தடவை கால்சட்டையின் மடிப்பு. ஒரு முறை எதிரணிக்காரப் பையன் ஒருவன் பதற்றத்தில் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டு, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். க்ளைவ் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னான்: “அழாதடா தம்பி. அது உன் கோலே இல்ல. நடுவுல என் மேல பட்டுச்சு.” அந்தப் பையன் நன்றி சொன்னான்! கருணையும் திருட்டும் ஒரே மூச்சில் நடந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று. ஒரு சனிக்கிழமை அவனைப் பாதி ஆட்டத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். எங்கள் கோல் விழுந்தபோது அவன் வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு உட்கார்ந்திருந்தான். நான்தான் சோப்பு எடுத்துக் கொடுத்தேன். சத்தத்தைக் கேட்டதும் தொட்டிக்குள்ளேயே இரண்டு கையையும் தூக்கினான். “பார்த்தியா? அந்தத் தடுப்பாளனை முதல் பாதியிலேயே நான் களைச்சுப் போக வச்சிருந்தேன்.”

வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை காலையில் சடங்கு ஒன்று உண்டு. எங்கள் சங்கத்தின் செயலாளர் டோரீன் ஸ்லேட்டர் அன்றைக்குத்தான் கோல் போட்டவர்கள் பட்டியலை லீக் அலுவலகத்துக்கு அனுப்புவாள். பத்து மணிக்கு க்ளைவ் கதவைத் தட்டுவான். கையில் கிரீம் பிஸ்கட் ஒரு பொட்டலம். பின்னால் சாட்சிக்கு இரண்டு பேர்; எதற்கு வந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

“டோரீன், சனிக்கிழமை ரெண்டாவது கோல்...”

“என்ன ராசா, உன் மேல பட்டுச்சா?”

“இடுப்புல. லேசா.”

“லேசாவா, நல்லாவா?”

“கோல் ஆகுற அளவுக்கு.”

டோரீன் பிஸ்கட்டைப் பார்ப்பாள், பட்டியலைப் பார்ப்பாள், பெயரை அடிப்பாள். யாருடைய பெயரை? பெரும்பாலும் மால்கம் ஓக்டனுடையதை. மால்கம் எங்கள் தடுப்பாளன். ஒன்பது வருடம் தலையாலேயே ஆடியவன். மூக்கு மூன்று இடத்தில் கோணியிருந்தது. அந்த ஒன்பது வருடத்தில் அவன் போட்ட கோல் ஏழு. பட்டியலில் இருந்தது இரண்டு. மீதி ஐந்தும் க்ளைவின் காதிலும் முழங்காலிலும் பட்டுவிட்டன.

இப்படியாக, க்ளைவுக்கு முப்பத்தைந்து வயதானபோது அவன் கணக்கில் தொண்ணூற்றொன்பது கோல் சேர்ந்திருந்தது. அறுபது உண்மையாக இருக்கலாம். எங்கள் சங்கத்து மதுக்கூடத்தில் ஒரு சுவர் உண்டு. எங்களுக்கு ஆடியவர்களில், எல்லாச் சங்கத்துக்கும் சேர்த்து நூறு கோல் போட்டவர்களின் படம் மட்டும் அதில் தொங்கும். மொத்தம் மூன்று பேர். நாலாவது ஆணியை க்ளைவ் தானே அடித்து வைத்திருந்தான். கேட்டால், “தொப்பி மாட்ட” என்பான்.

அந்தப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. நாங்கள் லீக் புள்ளிப் பட்டியலின் கடைசிக்கு ஒரு படி மேலே ஊசலாடிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஜெயித்தால் லீக்கில் இருப்போம். ஜெயிக்காவிட்டால் லீக்கை விட்டே வெளியே போகவேண்டும். அப்புறம் சங்கத்தை இழுத்து மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தலைவர் பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார். டோரீன், நான், புல் வெட்டுகிறவர், எல்லோரும் வீட்டுக்கு. க்ளைவுக்கும் அதுதான் கடைசி ஆட்டம். அடுத்த வருடம் அவனை எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை. ஆகவே எங்களுக்கு வேண்டியது ஒரு கோல். அவனுக்கும் வேண்டியது ஒரு கோல். இரண்டும் ஒரே கோலாக இருந்துவிட்டால் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எதிரணி மார்ஷம் யுனைடெட். எண்பத்தெட்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. வாரம் முழுக்கப் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. எண்பத்தொன்பதாவது நிமிடம் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கூட்டத்துக்குள் தள்ளுமுள்ளு, க்ளைவ் வழுக்கி, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குப்புற விழுந்தான். எதிரணிக்காரர்கள் பந்தை வெளியே அடித்துவிட்டு மொத்தமாக முன்னேறி ஓடினார்கள். க்ளைவ் எழுந்து உட்கார்ந்தபோது அவனையும் கோல்காப்பாளனையும் தவிர அங்கே யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பந்து திரும்பி வந்தது. மால்கம் ஓக்டன் எங்கிருந்தோ எழும்பி, கோணல் மூக்கோடு சேர்த்து நெற்றியால் ஒரு முட்டு முட்டினான். பந்து உட்கார்ந்திருந்த க்ளைவைத் தாண்டி வலைக்குள் போனது.

மூவாயிரம் பேர் கத்தினோம். நான் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன்.

க்ளைவ் என்ன செய்தான்? சேற்றிலிருந்து துள்ளி எழுந்தான். கையை விரித்தான். ஓடினான். “என் மேல பட்டுச்சு! என் மேல பட்டுச்சு!” என்று இடது தோளைத் தட்டிக்கொண்டே மைதானத்தின் பாதி தூரம் ஓடினான்.

ரெஃப்ரீ விசில் ஊதவில்லை. எல்லைக்கோட்டில் கொடியோடு நின்ற உதவி ரெஃப்ரீயிடம் போனார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு பேசினார்கள். எதிரணியின் கடைசித் தடுப்பாளனையும் தாண்டி உட்கார்ந்திருந்தவன் க்ளைவ். அவன் மேல் பந்து படாமல் போயிருந்தால் அது மால்கமின் கோல், செல்லும். அவன் மேல் பட்டிருந்தால் ஆஃப்சைடு; அங்கே இருப்பவன் பந்தைத் தொடக்கூடாது என்பது விதி. கோல் இல்லை, வெற்றி இல்லை, சங்கம் இல்லை. அதைத்தான் அந்த மடையன் ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தான்!

மால்கம் ஓடிப்போய் அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்தான். “டேய் ஹெப்பி, வாய மூடு. நீ ஆஃப்சைடுடா.”

“ஆனா பட்டுச்சுடா, ஓகி. இந்தத் தடவை நெஜமாவே...”

“பட்டா எல்லாரும் வீட்டுக்குப் போகணும். புரியுதா?”

அவனுக்குப் புரிந்ததை நான் ஐம்பது அடி தள்ளியிருந்து பார்த்தேன். முகம் வெளுத்துப்போயிற்று. ரெஃப்ரீ வந்தார், அந்த வட்டாரத்தில் இருபது வருடம் ஆட்டம் நடத்திய, கன்னம் தொங்கிய மனிதர்.

“ஒன்பதாம் நம்பர், இங்க வா. கொடிக்காரருக்குச் சரியாத் தெரியலைங்கிறார். நீ சொல்லு. பந்து உன் மேல பட்டுச்சா?”

க்ளைவின் கை இன்னும் இடது தோளில்தான் இருந்தது. பதினான்கு வருடம், ஆறு சங்கம், எத்தனையோ பொட்டலம் பிஸ்கட், சுவரில் ஒரு ஆணி. சூடான அடுப்பிலிருந்து எடுப்பதுபோல அந்தக் கையை எடுத்தான்.

“இல்ல சார்.”

“சத்தமா.”

“படலை சார்.”

“அப்புறம் எதுக்கு அப்படிக் கத்திக்கிட்டு ஓடினே?”

க்ளைவ் தரையைப் பார்த்தான். “பழக்கம் சார்.”

ரெஃப்ரீயின் கன்னம் குலுங்கியது. கொடிக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார். எதிரணிக்காரர்கள்கூட எதிர்த்துப் பேசவில்லை. யாருக்குத்தான் தெரியாது? அந்த லீக்கில் அவனைவிட நன்றாகத் தெரிந்த பொய்யன் வேறு யார்? விசில் ஒலித்தது. கோல். மால்கம் ஓக்டன், ஒன்று. மார்ஷம் யுனைடெட், பூஜ்யம்.

சாயங்காலம் துணிக்கூடையைப் பிரித்தேன். ஒன்பதாம் எண் சட்டையின் இடது தோளில், சேற்றில், பந்தின் தையல் அச்சு. பெரியதில்லை, கட்டைவிரல் நீளம். தையல் தையலாகத் தெரிந்தது. கதவருகே க்ளைவ் நின்றான்.

“பார்த்துட்டியா?”

“எதை?” என்றேன்.

உள்ளே வந்தான். சட்டையை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். நூறாவது கோலை அவன் கையில் பிடித்திருந்தான். ஆனால் அதை யாரிடமும் காட்டமுடியாது. பிறகு அவனே அதை எந்திரத்துக்குள் போட்டான். “சுடுதண்ணியில போடு,” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டான்.

இங்கே நான் நிறுத்தியிருந்தால் அவன் ஒரு மகாத்மா ஆகியிருப்பான். ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டோரீனின் கதவு தட்டப்பட்டது.

“லீக்குக்கு அனுப்பவேண்டாம், டோரீன். நம்ம புத்தகத்துல மட்டும். சின்னதா. பென்சில்ல.”

“தொண்ணூத்தொம்பது, ராசா.”

“ஒரு நட்சத்திரக் குறியாவது போடேன்.”

டோரீன் பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இப்போது க்ளைவ் எங்கள் ஊரில் பால் வண்டி ஓட்டுகிறான். அந்தத் தோள் விஷயத்தை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சி, ஊரில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறான். அதுகூடப் பழசாகிவிட்டது. புதுசு என்னவென்றால், அந்த ஒரு ‘இல்லை’தான் சங்கத்தைக் காப்பாற்றியதாம். மால்கம் இதைக் கேட்டால் கோணல் மூக்கால் புஸ்ஸென்று மூச்சு விடுவான்: “என் கோலை எல்லாம் எடுத்தான். இப்ப ஊரைக் காப்பாத்தினதையும் எடுத்துக்கிட்டான்.” சங்கடம் என்னவென்றால், இந்த ஒன்றில் க்ளைவ் சொல்வது நிஜம். யாரும் நம்புவதில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கும் யாராவது ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும்: அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், மைத்துனர், மாடிவீட்டுக்காரர். பரவாயில்லை, அவர்களை விடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் முதல் மார்க் வாங்கியபோது, “அந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கச் சொன்னதே நான்தான்” என்றது யார்? மனைவி வைத்த குழம்பை விருந்தாளி புகழ்ந்தபோது, உப்புப் பார்த்ததைச் சொன்னது யார்? நண்பன் கல்யாணம் நல்லபடியாக நடந்தபோது, ஜாதகத்தைக் கையில் வாங்கிக் கொடுத்த கதையை மூன்று பந்தியிலும் சொன்னது யார்?

க்ளைவாவது பதினான்கு வருடத்தில் ஒரு தடவை, அதுவும் நிஜமாகப் பட்டபோது, “படலை சார்” என்றான். நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள்?