கஃபீலுக்கு ஒரு குளியலறை

வாருங்கள் என் கண்ணுகளே, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கதவோரம் நிற்கிற பிள்ளையும் உள்ளே வரட்டும். வெளியே நின்று கேட்டால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். இன்றைக்கு ஒரு குதிரைக் கதை சொல்லப்போகிறேன். ராஜா ஏறிய குதிரை இல்லை. தானே ராஜாவாக இருந்த குதிரை.

அந்தக் குதிரை, லப்பைக்குடிகாட்டுக்கு வெளியே, பீர் முகமதுவின் விவசாயக் கொல்லைக்குப் பிரிகிற வண்டிப்பாதை முனையில் நின்றுகொண்டு, ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்றது.

முந்தின நாள் நல்ல மழை. கரிசல் மண் வேறு. பாதை முழுக்கக் கறுப்பு அல்வாவாகக் கிடந்தது. பீர் முகமது முன்னால் நின்று கயிற்றை இழுத்தார். பக்கத்துக் கொல்லைக் கலியம்மாள் பின்னால் நின்று ஆடு ஓட்டுகிற குச்சியை ஆட்டினாள். குதிரை காதைக்கூட அசைக்கவில்லை.

"பாயி, இது குதிரையா, தேரா? ஊரே சேந்து வடம் புடிச்சாத்தான் வருமா?" என்றாள் கலியம்மாள்.

"இழுக்காதீங்க பாய்," என்றார் குதிரையைக் கொண்டுவந்த தங்கராசு. உடையார்பாளையம் பக்கத்துக்காரர், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். "இது சேத்துல கால் வெக்காது. குளம்பு ஊறுச்சுன்னா அழுவிரும். ரோடு இருந்தா தானா வரும்."

"ரோடா?"

"பெருசா ஒண்ணும் வேணாம். கிராவல் கொட்டி, மேல ரோலர் வுட்டாப் போதும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் பீர் முகமது விரட்டியிருப்பார். கேட்டது குதிரை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மனிதர் பாதி ஆயுளைச் சவூதியில் ஓர் அரபியின் குதிரை லாயத்தில் டிரைவராகக் கழித்தவர். அங்கே குதிரைகளுக்கு ஏசி உண்டு. நீந்துவதற்குக் குளம் உண்டு. பல் பார்க்கத் தனி டாக்டர் உண்டு. லாயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஆட்கள் அடுக்குக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். வருஷக்கணக்காக அதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் ஆண்டவன் வைத்த ஒழுங்கே இதுதான் என்று அவர் மனத்தில் பதிந்துவிட்டது. குதிரைக்கு எல்லாம் வேண்டும். மனிதனுக்கு ஒரு கட்டில், ஒரு வாளி.

ஊர் திரும்பியதும் கொல்லையில் தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டினார். உள்ளே கயிற்றுக் கட்டில். வாசலில் வாளி. வாடகை வீட்டிலிருந்த மனைவி ஜைனம்புவைப் பெருமையாக அழைத்துவந்து காட்டினார். ஜைனம்பு உள்ளே போனாள், உடனே வெளியே வந்தாள்.

"குளிக்கிற எடம் எதுங்க?"

"அதான் வாளி இருக்கே."

அவள் சேற்றில் மாட்டிய செருப்பைப் பிடுங்கிக்கொண்டு, வந்த வழியே நடந்துவிட்டாள். துபாயிலிருந்த மகன் காமில், "கொல்லையை வித்துட்டுத் திருச்சியில ஒரு பிளாட் வாங்கிருவோம் அத்தா," என்று போனில் ஆரம்பித்தான். கடைசியில் ஜைனம்புதான் ஒரு முடிவு சொன்னாள். "ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நான் வந்து இருக்குற மாதிரி இருந்தா இருக்குறேன். இல்லன்னா வித்துட்டுத் திருச்சி. அப்புறம் என்னயக் குத்தம் சொல்லக்கூடாது."

பீர் முகமதுவுக்கு விற்க மனசு வரவில்லை. பாலைவனத்தில் படுத்துக்கொண்டு கனவு கண்ட மண் அது. அதை விட்டு நாலாவது மாடிக்குப் போய் எதைப் பார்ப்பது? அந்தக் கவலையில் இருந்தபோதுதான் தங்கராசு குதிரையோடு வந்தார்.

"இப்ப விலை பேச வேணாம் பாய். குதிரையும் ஆளும் மொதல்ல ஒத்துப்போவணும். பெருநாள் வரைக்கும் வெச்சிருந்து பாருங்க."

வெள்ளைக் குதிரை. பார்த்ததும் மனிதர் விழுந்துவிட்டார். கஃபீல் என்று பெயர் வைத்தார். வளைகுடாவில் விசா கொடுத்து ஆளை வேலைக்கு வைத்திருக்கிற முதலாளிக்குத்தான் கஃபீல் என்று பேர். வாழ்நாள் முழுக்கக் கஃபீல் இழுத்த இழுப்புக்குப் போனவருக்கு, ஒரு கஃபீலைத் தாம் கயிறு கட்டி இழுக்க வேண்டும் என்று ஆசை. பெயர் வைத்த நேரம், குதிரை நிஜமாகவே முதலாளி ஆகிவிட்டது.

ரோடு விஷயம் ஜைனம்பு காதுக்கு எட்டியது.

"வேணாங்க. குதிரைக்கு எதுக்கு ரோடு? என் செருப்பு சேத்துல மாட்டிக்கிட்டப்ப ஒங்களுக்கு ரோடு ஞாபகம் வரல, இப்ப வருதா?"

"நீ செருப்பக் கழட்டிட்டு நடக்கலாம் ஜைனம்பு. அது லாடத்தக் கழட்டிட்டு நடக்க முடியுமா?"

"சல்லிக்காசு செலவு பண்ணக் கூடாது, சொல்லிட்டேன்!"

மனைவி கூடாது என்று சொன்னபிறகு பீர் முகமது எப்படிச் சும்மா இருப்பார்? மறுநாளே டிப்பர் வந்து கிராவல் கொட்டியது. ரோலர் உருண்டது. கஃபீல் மாப்பிள்ளை போல நடந்து உள்ளே வந்தது.

அடுத்த மழைக்கு வினை வந்தது. ரோடு மேடாகிவிட்டதால் கொல்லைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கொட்டகைக்குள் புகுந்தது. கயிற்றுக் கட்டில் மிதந்தது. கஃபீல் முழங்கால் தண்ணீரில் நின்று, சம்பளம் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பீர் முகமதுவைப் பார்த்தது.

"குதிரைக்கு ரோடு போட்டீங்க சரி," என்றாள் கலியம்மாள். "மீனுக்கும் கொளம் வெட்டிட்டீங்களே பாயி. ஒங்களுக்கு எல்லா உசுரும் ஒண்ணுதான்!"

தங்கராசு வந்து குளம்பைத் தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். தரையை உயர்த்திச் சிமெண்ட் போடச் சொன்னார். போட்டார்கள். சிமெண்டில் லாடம் வழுக்கியது. ரப்பர் விரிப்பு கூரியரில் வந்தது. கூரியர் வந்த ருசியில், சேணம், கடிவாளம், தேய்க்கிற பிரஷ், தலைக்குத் தொப்பி, முழங்கால்வரைக்கும் பூட்ஸ் என்று வரிசையாக வந்து இறங்கின. ஈ மொய்க்காமல் இருக்கக் குதிரை முகத்தில் மாட்டுகிற வலை முகமூடி ஒன்றும் வந்தது. அதை மாட்டியதும் கலியம்மாள் வேலி தாண்டி ஓடிவந்தாள்.

"அய்யய்யோ பாயி! குதிரைக்குக் கண்ணு ஆபரேசனா? சொல்லவே இல்லையே! சாத்துக்குடி வாங்கியாந்திருப்பேன்ல!"

இத்தனையும் வாங்கியபிறகு ஏறாமல் இருக்கலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொப்பியும் பூட்ஸுமாக, பிஸ்மில்லாச் சொல்லி ஏறினார். கடைத்தெருப் பக்கம் ஒரு சுற்று, ஜைனம்பு இருக்கிற தெரு வழியாக ஒரு சுற்று என்று திட்டம். கஃபீலுக்கு வேறு திட்டம். நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போய் வாசலில் நின்றுகொண்டது. தட்டினார், கெஞ்சினார், அரபியில்கூடத் திட்டினார். ஊகூம். அன்றைக்கு அங்கே உண்மையிலேயே ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் ஓடிவந்து, "வாங்க வாங்க," என்று கையைப் பிடித்து இறக்கி, பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஜைனம்பு எட்டிப் பார்த்தாள். பூட்ஸோடு பிரியாணி சாப்பிடுகிற புருஷனைப் பார்த்துச் சிரிப்பை அடக்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் குதிரைமேல் ஏறவே இல்லை.

ரப்பர் விரிப்பு நாற ஆரம்பித்தது. தினம் கழுவ வேண்டும் என்றார் தங்கராசு. கழுவத் தண்ணீர்? போர் போட வேண்டும்.

"போர் வேணாங்க," என்றாள் ஜைனம்பு. "அதான் வாளி இருக்கே."

"வாளியா? அது குதிரை, ஜைனம்பு!"

"அப்ப நான் யாரு?"

"நீ… நீ சொன்னா புரிஞ்சுக்குவ. அது புரிஞ்சுக்காதுல்ல?"

போர் லாரி வந்தது. தண்ணீர் இளநீர் மாதிரி பீறிட்டது. மோட்டார், மேலே டேங்க், கீழே குழாய். அப்பாடா என்று குழாயடியில் கஃபீலைக் குளிப்பாட்ட நிறுத்தினால், அது கயிற்றை அறுத்துக்கொண்டு மக்காச்சோளத்துக்குள் ஓடியது.

"கூச்சப்படுது பாய்," என்றார் தங்கராசு.

"குதிரைக்குக் கூச்சமாய்யா?"

"கல்யாணக் குதிரைங்க. நாலு பேரு முன்னாடி நகை நட்டு, பட்டுத்துணியோட நின்னு பழகுனது. திடீர்னு வெறும் ஒடம்பா நிக்கச் சொன்னா அதுக்கும் மானம் இருக்காதா? சுத்திச் செவரு வெச்சு, ஒரு கதவு போட்டுருங்க. டைல்ஸ் ஒட்டுனா பாசி புடிக்காது."

"குதிரைக்குப் பாத்ரூமா! ஊர் சிரிக்கும்!" என்று ஜைனம்பு தலையில் அடித்துக்கொண்டாள். "அதுவும் ரோஸ் கலர் டைல்ஸ் கிய்ல்ஸ்னு ஒட்டிராதீங்க!"

அவளுக்குப் பதில் சொல்லவே ரோஸ் கலர் டைல்ஸ் ஒட்டினார்.

அப்புறம் கொள்ளு வேகவைக்க வெளியே மூட்டிய அடுப்புப் புகையில் குதிரை தும்மியது என்று, உள்ளே மேடை வைத்த சமையல்கட்டு. தகரச் சூட்டில் குதிரைக்கு உடம்பு கொதிக்கிறது என்று ஓட்டுக்கூரை, மின்விசிறி. ஆள் வாசம் இல்லாமல் குதிரை ஏங்குகிறது என்று, ஆள் படுக்கப் பக்கத்தில் ஒரு காற்றோட்டமான அறை. ஒவ்வொன்றுக்கும் ஜைனம்பு வேணாம் வேணாம் என்று சண்டை பிடித்தாள். ஒவ்வொன்றையும் அவர் பிடிவாதமாகக் கட்டி முடித்தார்.

எல்லாம் முடிந்து, கஃபீலைப் பூமாலையோடு அழைத்துப் போனார். அது குளியலறைக்குள் தலையை மட்டும் நீட்டியது. ரோஸ் கலரைப் பார்த்தது. ஒரு தும்மல் போட்டது. பின்வாங்கிப் போய், வேலியோரத்து வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டது. அதன்பிறகு எத்தனை கெஞ்சியும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் காமில் போன் செய்தான். "அத்தா, கொல்லைக்கு நல்ல பார்ட்டி வந்திருக்கு. அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

அப்போதுதான் பீர் முகமதுவுக்கு உறைத்தது. எல்லாம் குதிரைக்குப் போய்விட்டது. ஜைனம்புவுக்கு என்று ஒரு செங்கல் வைக்கவில்லை. அவள் எந்த முகத்தோடு இங்கே வருவாள்? தாம்தான் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

"நாளைக்குத் தொழுகை முடிச்சிட்டுச் சொல்றேம்ப்பா," என்றார். வேப்பமரத்தடிக்குப் போய்க் கஃபீல் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒனக்கும் வேணாம், அவளுக்கும் இல்ல. யாருக்குய்யா கட்டுனேன்?" என்று அதனிடமே கேட்டார். அது வைக்கோலை மென்றது.

பெருநாள் காலை. தொழுகை முடிந்து திரும்பி, அவர் வாசலில் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, ரோட்டில் ஒரு ஆட்டோ குலுங்காமல் வந்து வாசற்படியில் நின்றது. ஜைனம்பு இறங்கினாள். புதுச்சேலை, கையில் பிரியாணிச் சட்டி. செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

நேராக உள்ளே போனாள். குழாயைத் திறந்து மூடினாள். சமையல் மேடையைக் கையால் தடவினாள். விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள். குளியலறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, திறந்துகொண்டு வந்தாள். பீர் முகமது பரீட்சை எழுதிய பையன் மாதிரி பின்னாலேயே நடந்தார்.

"குதிரை உள்ள படுக்கறதில்லயா?"

"இல்ல."

"ஒரு நாளும்?"

"எட்டிப் பாத்ததோட சரி. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் ஜைனம்பு. எம்மேலதான் தப்பு. கொல்லைய வித்துருவோம்."

ஜைனம்பு பெருமூச்சு விட்டாள். "வேணாம் வேணாம்னு தொண்ட தண்ணி வத்தக் கத்துனேன், யாரு கேட்டா? இப்பக் கட்டுனதெல்லாம் சும்மா கெடந்தா பாழாப் போவுமே." கொஞ்சம் யோசித்தாள். "சரி, என்ன பண்றது. கஃபீலுக்கு வேணாம்னா நான் இருந்துக்கறேன்."

பீர் முகமதுவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "நெசமாவா?"

"பின்ன? காமிலுக்குப் போனப் போட்டு, விக்க வேணாம்னு சொல்லுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். கண் கலங்கிவிட்டது. என் அருமை ஜைனம்பு, எவ்வளவு பெரிய மனசு, குதிரை ஒதுக்கியதைக்கூட முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறாளே என்று உருகிப்போனார்.

மதியம் கலியம்மாளும் தங்கராசுவும் விருந்துக்கு வந்தார்கள். ஜைனம்பு அந்தப் புது மேடையில் வைத்துப் பரிமாறினாள். பீர் முகமது தம் கையாலேயே எல்லாருக்கும் கறி எடுத்து வைத்தார். தங்கராசு வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளை மனசோடு சொன்னார்:

"அப்பக் குதிரைய நான் அவுத்துக்கிறேங்க்கா, தா.பழூர்ல ஒரு அக்கா ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்காங்க, அவுங்க வூட்டுக்காரரும் பாத்ரூம் கட்டித் தரமாட்டேங்குறாராம்!"

போய் வாருங்கள் என் கண்ணுகளே. உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டதெல்லாம், குதிரை வந்து வாசலில் நிற்பதற்கு முன்பே கிடைக்கட்டும்.