நான் வாரிய வலது கால்

யார்மேல் வேண்டுமானாலும் பொறாமைப்படலாம். தினமும் நம்மோடு ஒரே வண்டியில் ஆபீஸ் வருகிறவர்மேல் மட்டும் படக்கூடாது. நான் பட்டேன். என் பின்சீட்டில் உட்கார்ந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த என் சொந்தத் தங்கை பியூலாமேல்தான்.

இரண்டாயிரங்களின் கடைசி அது. கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஆறு வருஷமாக நான் ஒருவன்தான் ராஜா. (பிரஜையும் நான்தான்.) அங்கே கண்ணாடி ரூம் ஒன்று கட்டி, ஏசி மாட்டி, இன்சார்ஜ் ஒருவரை உட்காரவைக்கப் போவதாகப் பேச்சு. அந்த நாற்காலியை மனதுக்குள் நான் துடைத்து வைத்திருந்த நேரம் பார்த்து, எம்.சி.ஏ. முடித்த பியூலாவும் அங்கேயே வேலைக்கு வந்தாள்.

எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் அப்போதுதான் ஆர்டர்களை ஜேசன் (JSON) என்ற கம்ப்யூட்டர் ஃபைல் வடிவத்தில் அனுப்ப ஆரம்பித்திருந்தார். அட்டைப்பெட்டிக்குள் ஷூ பெட்டி, அதற்குள் ஒரு ஜோடி, ஜோடிக்குள் ஒவ்வொரு காலுக்கும் நிறம், சைஸ், தோல் என்று தகவல் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். நடுநடுவே ஒன்றுமே எழுதாத வெற்றுக் கட்டங்கள் வேறு. அந்தக் குப்பையைக் களைந்து கட்டிங் செக்‌ஷனுக்கு அனுப்புவது எங்கள் வேலை. அதற்குப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நான் எழுதிய ப்ரோகிராம் கோடு முந்நூறு வரி. லூப்புக்குள் லூப், அதற்குள் இன்னொரு லூப் என்று நகர்ந்து நகர்ந்து ஸ்கிரீனை விட்டே வெளியே போய்விடும். பியூலா அதையே பதினாலு வரியில் எழுதினாள். ஒரே ஒரு ஃபங்‌ஷன். பெட்டிக்குள் பெட்டி இருந்தால் அது தன்னையே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும்.

"இன்னாம்மா, மேஜிக்கா?" என்றார் மேனேஜர் ரஃபீக் சார். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டிலும் அதே பாட்டு. "ஜேசனை நல்லா சுத்தம் பண்ணிட்டேன்ப்பா" என்று அவள் சொல்ல, அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"யாரும்மா அந்த ஜேசன்? எந்தச் சபை?"

விளக்கி முடிப்பதற்குள் குழம்பு ஆறிவிட்டது. ஆனால் அப்பாவுக்கு வேண்டியது மட்டும் புரிந்துவிட்டது. "பாத்தியாடா செல்வின்? மூணு நாள்ல முடிச்சிட்டா. ஆறு வருஷமா நீ அங்க இன்னாதான் பண்றே?"

மறுநாள் மதியம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய கோடைத் திறந்தேன். மேம்படுத்துவதாக எண்ணம். என் கெட்ட நேரம், குறை ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் ஒரே தகவல் இரண்டு தடவை! அதே நிறம், அதே சைஸ், அதே தோல். L, R என்று ஒற்றை எழுத்துதான் வித்தியாசம். டைப் அடித்தவர் கை தவறியிருக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டாவதை நீக்க நாலு வரி சேர்த்தேன். (பிறந்ததிலிருந்து ஷூவுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். அன்றும் எனக்கு இரண்டு கால்கள் இருந்தன.) உச்சியில் 'இம்ப்ரூவ்டு பை செல்வின்' என்று பொறித்துவிட்டு ஒரு டீ குடித்தேன்.

வேறு ஊராக இருந்தால் அன்றே மாட்டியிருப்பேன். எங்கள் பக்கம், கடைகளுக்குக் காட்ட ஒற்றைக் கால் சாம்பிள் செய்வது வழக்கம். அதனால் கட்டிங் மாஸ்டர் மஸ்தான் பாய் மறுபேச்சில்லாமல் வெட்டினார், தையல் செக்‌ஷனில் தைத்தார்கள். நாலாம் நாள் பேக்கிங்கில் மேஜை மேஜையாக இடது கால் ஷூக்கள் மட்டுமே நின்றன. தங்கையின் காலை வாரப்போய், ஒரு ஆர்டரின் வலது காலையே வாரிவிட்டிருந்தேன்.

ரஃபீக் சார் எல்லோரையும் கூப்பிட்டார். "வலது கால் எங்கப்பா?"

"சாம்பிள்னு நெனச்சேன் சார். சாம்பிளுக்கு இது ரொம்ப ஜாஸ்தியாச்சேன்னும் தோணுச்சு" என்றார் மஸ்தான் பாய்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "அது பியூலாவோட கோடு சார்" என்றேன்.

பியூலா கோடைத் திறந்தாள். முதல் வரியிலேயே என் பெயர். ரஃபீக் சார் அதைச் சத்தமாக, எழுத்துக் கூட்டிப் படித்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"என் மேலயும் தப்பு இருக்கு சார்" என்றாள் பியூலா. "செக் பண்ணாம வுட்டுட்டேன். அண்ணனும் நானும் சேர்ந்து சரி பண்ணிடறோம்."

வேலை பிழைத்தது. பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று அந்த நிமிஷத்திலும் பொறாமைப்பட்டேன்.

வலது கால்கள் தனியாகத் தயாராகி ஜோடி சேர்ந்தன. கண்ணாடி ரூம் அவளுக்குப் போனது. ஏசி குளிரில் அவள் தும்முவதை வெளியே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்றும் வீட்டில் யாருடைய செருப்பில் ஒன்று காணாமல்போனாலும், "செல்வின் இம்ப்ரூவ் பண்ணிட்டான்" என்பார் அப்பா. கல்யாணமாகிப் பெங்களூரு போய்விட்ட பியூலா, கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஷூ அனுப்புவாள். பெட்டியில் இடது கால் மட்டும் இருக்கும். வலது கால் புத்தாண்டுக்குத்தான் வரும். நடுவில் ஒரு வாரம், "அப்பா, R வந்துச்சா?" என்று என் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஜோடி மாறியதில்லை, சைஸ் தப்பியதில்லை. எப்படித்தான் செய்கிறாளோ, வயிறு எரிகிறது.